கேபிள் லைனில் பணம் போடப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்ற ஆண்டு எங்கள் ஊரில் ஒரு கேபிள் ஆபரேட்டர் வயதாகிவிட்டது என்று தொழிலை விட்டார். 640 பாக்ஸ், மாதாமாதம் வசூல், கூடவே ஃபைபர் போட்டு ஓடிடி பேக்கும் விற்கலாம் என்று சொன்னதும் நானும் என் மைத்துனரும் பணத்தைப் போட்டுவிட்டோம். தொழில் நடக்கிறது, மூழ்கவில்லை. ஆனால் பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டவற்றில் பாதியை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் கணிசமான தொகை மிஞ்சியிருக்கும். ஷேர் மார்க்கெட்டில் கேபிள் கம்பெனிப் பங்கு வாங்குவது பற்றி இங்கே எதுவும் இல்லை. ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் லைனை வாங்குகிறவர்களுக்கும், ஓர் ஆபரேட்டரோடு பங்காளியாகச் சேருகிறவர்களுக்கும் எழுதியது.

1. எதை வாங்குகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்

"லைனை விற்கிறேன்" என்பார்கள். அதற்குள் நான்கு விஷயம் இருக்கிறது: வயர், வீடுகளோடு இருக்கும் பழக்கம், எம்எஸ்ஓ எனப்படும் பெரிய கேபிள் நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தம், வீட்டில் இருக்கும் பாக்ஸ். இதில் பாக்ஸ் பெரும்பாலும் விற்பவருடையது இல்லை. ஒன்று வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியிருப்பார், அல்லது வாடகைத் திட்டத்தில் எம்எஸ்ஓவின் சொத்தாக இருக்கும். அரசு கேபிள் இலவசமாகக் கொடுத்த பாக்ஸ் என்றால் அது அந்த நிறுவனத்தின் சொத்து. வேறு பக்கம் மாறினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆக, "பாக்ஸுக்கு இவ்வளவு" என்று விலை பேசும்போது விற்பவருக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வாங்குவது வசூல் செய்யும் இடம், அவ்வளவுதான்.

இன்னொன்று. எம்எஸ்ஓவை மாற்றினால் பாக்ஸும் மாற வேண்டும், ஒரு நிறுவனத்தின் பூட்டு வேறு நிறுவனத்தின் சிக்னலைத் திறக்காது. "இவர்கள் சரியில்லை என்றால் அடுத்தவரிடம் போய்விடலாம்" என்று விற்பவர் சொன்னால், அந்த மாற்றத்துக்கு வீடு வீடாகப் பாக்ஸ் வைக்கும் செலவு யாருடையது என்று அங்கேயே கேளுங்கள்.

2. ஆக்டிவ் பட்டியல் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்

நான் அடி வாங்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆபரேட்டருக்கு எம்எஸ்ஓவின் தளத்தில் ஒரு லாகின் இருக்கும். அதில் மொத்த பாக்ஸ், ஆக்டிவ், டிஆக்டிவ் என்று தனித்தனியாகக் காட்டும். எங்களிடம் விற்றவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். தெருவாரியாகப் பெயர், பாக்ஸ் நம்பர் எல்லாம் அழகான கையெழுத்தில், 640 வரி. பணம் கொடுத்த பிறகு லாகின் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் ஆக்டிவ் 412. மிச்சமெல்லாம் டிடிஹெச்சுக்குப் போனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், "பையன் மொபைலில் பார்க்கிறான், டிவியே போடுவதில்லை" என்றவர்கள். அவர் பொய் சொல்லவில்லை, எப்போதோ ஒருநாள் அத்தனை பாக்ஸ் ஓடியிருக்கும். நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது இவை:

- கடைசி 12 மாதத்தின் ஆக்டிவ் எண்ணிக்கை, மாதவாரியாக, தளத்திலிருந்து இறக்கியது. எக்செல்லில் தட்டிக் கொடுத்தது வேண்டாம். கூடவே உட்கார்ந்து அவர் லாகினில் நீங்களே இறக்குங்கள்.
- ஒவ்வொரு பாக்ஸும் கடைசியாக ரீசார்ஜ் ஆன தேதி. 60 நாளைத் தாண்டியதை உயிரில்லாத பாக்ஸாகவே எண்ணுங்கள்.
- எந்த பேக் எத்தனை வீட்டில். குறைந்த பேக்கில் 300 வீடு இருப்பதும் பெரிய பேக்கில் 300 வீடு இருப்பதும் ஒன்றல்ல.
- வாலெட் அறிக்கை, அதாவது அவர் எம்எஸ்ஓவுக்குக் கட்டிய பணம். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லலாம், கட்டாத பணத்தைக் கட்டியதாகக் காட்டுவது கஷ்டம்.

12 மாதம் ஏன் என்றால், பொதுத்தேர்வு சமயத்தில் பல வீட்டில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், கிரிக்கெட் தொடங்கினால் திரும்ப ஓடும். ஒரே ஒரு நல்ல மாதத்தைக் காட்டி விலை பேசுவது சுலபம். அதோடு மொத்தச் சந்தையே சுருங்குகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்கில் நாடு முழுவதும் கட்டண டிடிஹெச் ஆக்டிவ் சந்தா 2024 மார்ச்சில் சுமார் 6.2 கோடி, 2025 மார்ச்சில் சுமார் 5.7 கோடி. கேபிளை விட்டவர்கள் எல்லாம் டிஷ்ஷுக்குப் போகிறார்கள் என்பது பழைய கதை. இப்போது இரண்டையும் விட்டுவிட்டு நெட்டுக்குப் போகிறார்கள். அதனால் 12 மாத வரிசையில் இறக்கம் எவ்வளவு என்று பாருங்கள். இறங்கவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

3. ஒரு பாக்ஸில் உங்கள் கையில் நிற்பது எவ்வளவு

வாடிக்கையாளர் கட்டும் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு எடுத்துக்காட்டு போட்டுக் காட்டுகிறேன், உங்கள் ஊர் எண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் கட்டணம், அதாவது இணைப்புக்கான அடிப்படை மாதக் கட்டணம், 130 ரூபாய், கட்டணச் சேனல்கள் 200 ரூபாய். ஆக 330. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 389 ரூபாய் 40 காசு. இதில் உங்கள் பங்கு எவ்வளவு? எம்எஸ்ஓவும் ஆபரேட்டரும் தனியாகப் பேசி ஒரு முடிவுக்கு வராவிட்டால், டிராய் விதியில் உள்ள மாதிரி ஒப்பந்தப்படி 55-க்கு 45. அந்த 45 உங்களுக்கு. 130-இல் 45 சதவீதம் 58.50. கட்டணச் சேனலில் ஒளிபரப்பு நிறுவனம் விட்டுக்கொடுக்கும் விநியோகக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம், 200-க்கு 40 ரூபாய், அதில் 45 சதவீதம் 18 ரூபாய். கூட்டினால் 76.50.

389 ரூபாய் வசூலித்து 76.50 உங்களுக்கு. நான் முதல்முறை இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மைத்துனரிடம் காட்டியபோது அவர் கால்குலேட்டரை வாங்கித் திரும்பப் போட்டார்.

640 பாக்ஸ் என்று நினைத்தால் மாதம் 48,960. உண்மையான 412-க்கு 31,518. அதிலிருந்து லைன்மேன் சம்பளம், வசூல் பையனுக்குப் பெட்ரோல், கடை வாடகை, கம்ப வாடகை, ஆம்ப்ளிஃபையர் கரெண்ட் எல்லாம் போக வேண்டும். நடைமுறையில் பல ஊர்களில் பங்கீடு இதைவிடக் கூடவோ குறையவோ பேசி வைத்திருப்பார்கள், அதனால் விற்பவரின் கையெழுத்தான ஒப்பந்தத்தை வாங்கி அதில் உள்ள எண்ணைப் போடுங்கள். நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் உச்சவரம்பை டிராய் 2024 ஜூலையில் எடுத்துவிட்டது. ஆகவே அந்தக் கட்டணம் நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பி ஐந்து வருடக் கணக்கு போட வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை: சேவைத் தொழிலுக்கு வருட விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேலே சொன்ன 330 ரூபாய் கணக்கில் 506 பாக்ஸ் இருந்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். முழுத் தொகையும் உங்கள் விற்றுமுதலா, உங்கள் பங்கு மட்டுமா என்பது பில் யார் பெயரில் போகிறது என்பதைப் பொறுத்தது. வாங்குவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

4. வயரோடு நடந்து பாருங்கள்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், லைன்மேனைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலாளி வேண்டாம், லைன்மேன். டீ வாங்கிக் கொடுத்து நடந்தால் போதும், எந்தத் தெருவில் மழை பெய்தால் படம் புள்ளி புள்ளியாகும், எந்த வீட்டுக்காரர் மாடியில் ஏற விடமாட்டார், எந்த ஜாயிண்ட்டில் டேப் சுற்றியே மூன்று வருடம் ஓட்டுகிறார்கள் எல்லாம் வந்துவிடும்.

பார்க்க வேண்டியவை: மெயின் லைன் ஃபைபரா, பழைய கோஆக்சியல் வயரா? நோட், அதாவது ஃபைபர் சிக்னலை வயருக்கு மாற்றும் பெட்டி, எங்கே இருக்கிறது, அதிலிருந்து எத்தனை ஆம்ப்ளிஃபையர் அடுக்கியிருக்கிறார்கள்? ஒன்றன்பின் ஒன்றாக ஆம்ப்ளிஃபையர் கூடக் கூட இரைச்சலும் கூடும், கடைசி வீட்டில்தான் புகார் வரும். அந்தக் கடைசி வீட்டுக்கே போய் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். நான் போனபோது தெருமுனை வீட்டில் 60 டெசிபல் மைக்ரோவோல்ட் காட்டிய சிக்னல், ரயில்வே கேட் தாண்டிய கடைசி வீட்டில் 41-தான். அந்த வீட்டு அம்மா, "மழைக்காலத்தில் சீரியலை யூகித்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

இலவச இணைப்பு என்று ஒன்று இருக்கிறது, பட்டியலில் வராது. நோட்டும் ஆம்ப்ளிஃபையரும் வைத்த வீடு, மாடி வழியாக வயர் போக விட்ட வீடு, இவர்களுக்கெல்லாம் மாதக் கட்டணம் கிடையாது. அவர்கள் பாக்ஸ் ஆக்டிவ் கணக்கில் இருக்கும், வசூலில் இருக்காது, எம்எஸ்ஓவின் பங்கை மட்டும் நீங்கள் கட்ட வேண்டும். எங்களுக்கு அப்படி 19 வீடு. இதை நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் மறுநாள் வயர் கீழே கிடக்கும்.

கம்பத்தில் கட்டிய வயர் என்றால் மின்வாரிய அனுமதிக் கடிதமும் கட்டணம் கட்டிய ரசீதும் கேளுங்கள். "எல்லாரும் கட்டியிருக்கிறார்கள்" என்பது அனுமதி ஆகாது. சாலை தோண்டிப் போட்டிருந்தால் உள்ளாட்சி அனுமதி.

5. டிஜிட்டல் பாக்ஸ் இருந்தால் நினைத்த படத்தைப் போடலாம் என்று எண்ணாதீர்கள்

விற்பவர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள்: "எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு சார், இனி ஆன் டிமாண்ட், ஓடிடி எல்லாம் இதிலேயே விற்கலாம்." நம்பாதீர்கள். சாதாரண கேபிள் பாக்ஸுக்குச் சிக்னல் ஒரு பக்கமாக மட்டும் போகிறது. ஹெட்எண்ட் எனப்படும் எம்எஸ்ஓவின் ஒளிபரப்பு நிலையத்திலிருந்து எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகப் பாய்கிறது, பாக்ஸ் அதில் ஒன்றைப் பிடித்துக் காட்டுகிறது. 400 வீடு பார்த்தாலும் 4 வீடு பார்த்தாலும் வயருக்கு ஒரே சுமைதான். ஆன் டிமாண்ட் அப்படியில்லை. ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு ஓடையைக் கேட்கிறது, அதைக் கேட்பதற்குத் திரும்பிப் போகும் வழியும் வேண்டும். அதற்கு இருக்கும் வயரை இருவழியாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் வீடு வரை ஃபைபர் இழுக்க வேண்டும். அது தனி முதலீடு, லைன் விலையில் அடங்காது.

ஃபைபர் போட்டால் ஒரே இழையில் மூன்றும் போகும்: டிவி சிக்னல் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், இன்டர்நெட் வீட்டுக்கு வருவது 1490-இல், வீட்டிலிருந்து போவது 1310-இல். அதனால் பழைய டிவி வாடிக்கையாளரையும் இழக்காமல் மாற்றலாம். கடையில் எல்லா வீட்டுக்கும் சிக்னல் அனுப்பும் ஓஎல்டி கருவி, வழியில் இழையைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், வீட்டில் அதை வாங்கிக்கொள்ளும் ஓஎன்யூ பெட்டி. செலவு பேசும்போது இழையின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் கூலி, வீட்டுக்கு வீடு ஓஎன்யூ, இன்வெர்ட்டர், பேட்டரி, இவைதான் பெரிது. கரெண்ட் போனால் கடையிலுள்ள ஓஎல்டி அணைந்து மொத்த ஊரும் போன் போடும்.

எவ்வளவு பேண்ட்விட்த் வேண்டும் என்று குத்துமதிப்பாகப் பாருங்கள். எச்டி படம் ஒன்றுக்கு சுமார் 5 எம்பிபிஎஸ். 300 வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு 120 வீடு பார்த்தால் 600 எம்பிபிஎஸ். ஓஎல்டியில் உள்ள ஜிபான் போர்ட் ஒன்று வீடுகளை நோக்கி 2.5 ஜிபிபிஎஸ் வரை தாங்கும், ஆகவே உங்கள் கருவி திணறாது. திணறுவது மேலே நீங்கள் வாங்கும் இணைப்பு. அதனால் இன்டர்நெட் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் படங்களின் நகலை வைத்திருக்கும் கேஷ் சர்வர் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா, எந்த ஊரில்? பக்கத்தில் இருந்தால் அந்தப் போக்குவரத்து மலிவாக, வேகமாக வரும்.

உரிமம் இல்லாமல் சொந்தமாக இன்டர்நெட் விற்கக் கூடாது. பெரும்பாலோர் உரிமம் உள்ள நிறுவனத்துக்குப் பங்காளியாகப் போகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் வருமானப் பங்கு, ஓஎல்டி யாருடையது, நாளை பிரிந்தால் வாடிக்கையாளர் யாருடையவர் என்ற மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்து போடாதீர்கள். ஓடிடி பேக்கில் வரும் கமிஷனை நம்பி இதில் இறங்க வேண்டாம், அது சில்லறை. பேக் இருப்பதால் வாடிக்கையாளர் போகாமல் இருப்பார், லாபம் அதுதான்.

6. பதிவு: இப்போது தபால் நிலையத்துக்குப் போக வேண்டாம்

முன்பு தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டி வருடாவருடம் புதுப்பிப்பார்கள். 2025 ஜனவரி 17 முதல் எல்லாம் ஆன்லைன். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில் விண்ணப்பம், கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். புதுப்பிக்க வேண்டுமானால் முடியும் தேதிக்குக் குறைந்தது 90 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

விற்பவரின் பதிவு அவர் பெயரில் இருக்கிறது, அதை வைத்து நீங்கள் தொழில் செய்ய முடியாது. உங்கள் பெயரிலோ உங்கள் நிறுவனத்தின் பெயரிலோ புதிதாக எடுங்கள். தளம் ஆதாரையும் பான் கார்டையும் சரிபார்க்கும். நம் ஆட்களுக்கு இங்கேதான் வில்லங்கம்: ஆதாரில் இனிஷியல் பின்னால், பானில் அப்பா பெயர் விரித்து முன்னால். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, திருத்தம் வேண்டுமானால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். எனக்கு இந்தத் திருத்தத்திலேயே மூன்று வாரம் போனது, அதற்குள் விற்பவர் "எப்ப பணம்?" என்று தினமும் போன்.

இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பதிவில்லாத கூட்டாண்மை ஒப்பந்தப் பாக்கிக்கு வெளியாள் மேல் வழக்கு போட முடியாது, 1932 சட்டத்தின் 69-ஆம் பிரிவு அப்படி. மச்சான்தானே என்று விடாதீர்கள்.

7. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

- எம்எஸ்ஓ கொடுத்த நிலுவை இல்லை என்ற கடிதம். இது இல்லாமல் வாங்கினால் பழைய பாக்கி உங்கள் வாலெட்டில் வந்து நிற்கும்.
- லைனை உங்களுக்கு மாற்ற எம்எஸ்ஓ சம்மதித்த கடிதம், அப்புறம் உங்கள் பெயரில் புதிய ஒப்பந்தம், பங்கீட்டு எண்ணோடு.
- விற்பனை ஒப்பந்தம். பின்னிணைப்பாக பாக்ஸ் நம்பர் பட்டியல், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
- இலவச இணைப்புகளின் பட்டியல், கம்ப அனுமதி, லைன்மேன் சம்பளப் பாக்கி இல்லை என்ற எழுத்து.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம்: விற்பவர் இத்தனை வருடம் இந்தப் பகுதியில் கேபிள், இன்டர்நெட் தொழில் செய்யக் கூடாது. பொதுவாகத் தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் நற்பெயரோடு தொழிலை விற்கும்போது நியாயமான எல்லைக்குள் இப்படி எழுதுவதை ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. "நற்பெயர் உட்பட விற்கிறேன்" என்ற சொற்கள் அதனால்தான் முக்கியம். தெருப் பெயர்களை எழுதுங்கள், "சுற்றுவட்டாரம்" என்று விடாதீர்கள்.

எம்எஸ்ஓவோடு தகராறு வந்தால் போக வேண்டிய இடம் டெல்லியில் உள்ள, தொலைத்தொடர்பு, ஒளிபரப்புத் தகராறுகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயம். சிக்னலை முன்னறிவிப்பில்லாமல் துண்டிக்கக் கூடாது, மூன்று வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மூன்று வாரம் எவ்வளவு சின்னது என்பது வந்தால் தெரியும்.

8. பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது

என் கணக்கில் விலைக்கு உச்சம், ஒன்றரை வருட நிகர வருமானம். நிகரம் என்றால் எல்லாச் செலவும் போன பிறகு. சுருங்கும் சந்தையில் அதற்கு மேல் கொடுத்தால் திரும்பி வருவது சந்தேகம். சிலர் இரண்டு வருடம் கொடுக்கிறார்கள், அவர்கள் இஷ்டம்.

மூன்றாகப் பிரியுங்கள். பட்டியல் சரிபார்த்ததும் முன்பணமாகச் சிறு தொகை, லாகின் உங்கள் பெயருக்கு மாறியதும் பெரும்பகுதி, 90 நாள் கழித்து ஆக்டிவ் எண்ணிக்கையை மறுபடி எண்ணி மீதி. அந்தக் கடைசித் தவணை எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்தேன். நல்ல நாள் பார்த்து வேறு.

நடைமுறைப் பணம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாலெட்டில் பணம் இருந்தால்தான் பாக்ஸ் ஓடும், வீட்டுக்காரர் கொடுப்பது மாதம் பாதி கழிந்து. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஒரு பாக்ஸுக்கு எம்எஸ்ஓ பக்கம் போவது ஏறக்குறைய 313 ரூபாய். 412 பாக்ஸுக்கு 1.29 லட்சம். முதல் மாதம் அவ்வளவும் உங்கள் கைக்காசு, வசூலாகாத வீடுகளுக்கு இரண்டாம் மாதமும்.

9. முதல் 60 நாள்

விற்பவரை ஒவ்வொரு தெருவுக்கும் ஒருமுறை கூட்டிப் போய் வீடுகளில் அறிமுகம் செய்யச் சொல்லுங்கள், இதையும் ஒப்பந்தத்தில் போட்டுவிடலாம். புகார் போன் நம்பர் பழையதே உங்களுக்கு வர வேண்டும். இருபது வருடமாக மனப்பாடமாக இருக்கும் நம்பர் அது, அதை விட்டுவிட்டு புது நம்பரை ஸ்டிக்கர் அடித்து ஒட்டினோம், ஒருவரும் அதில் கூப்பிடவில்லை. படம் வராத வீட்டுக்காரர்கள் எல்லாம் பழையவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் எனக்கு போன் போட்டுத் திட்டினார். கடைசியில் அந்த சிம்மைத் தனியாக விலை பேசி வாங்க வேண்டியதாயிற்று.